காணாமற்போன அப்பாவுக்குப் பூசை கேட்கலாமா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"என் அப்பா சைவர், அம்மா கத்தோலிக்கர். எங்கள் ஊர் திருகோணமலை. 1990இல் வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை அவருக்காக ஆன்ம இளைப்பாற்றிப் பூசை, அதாவது இறந்தவருக்கான திருப்பலி, கேட்க எங்களை விடவில்லை. அம்மா சில வாரங்களுக்கு முன் காலமானார். தாலியோடுதான் அடக்கம் செய்தோம். அம்மாவின் கல்லறையில் அப்பாவின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்கிறான் தம்பி. ஞானஸ்நானம் பெறாதவரின் பெயர் சேமக்காலைக்குள் வரக்கூடாது என்கிறார் மாமி. சித்தப்பாவோ கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கிரியை செய்ய நாள் பார்த்துவிட்டார். அம்மப்பா எங்கே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?"

மகள், பூசை கேட்கலாம். சான்றிதழ் எதுவும் காட்டத் தேவையில்லை, நாளைக்கே கேட்கலாம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901ஆம் எண் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: உயிரோடிருப்பவர், இறந்தவர் என யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். அவர் திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த வரியில் இல்லை. சட்டம் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் அதைவிடக் கனமாக இருப்பது அம்மாவின் மறுப்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை, இருந்திருந்தால் கணவனைக் கடவுளிடம் ஒப்படைத்திருப்பார் என்று மாமி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாமியை நான் கோபிக்கவில்லை, ஆனால் அவர் சொன்னது சரியில்லை. எங்கள் மறைமாவட்டத்தில் பங்கு பார்த்த எந்தக் குருவுக்கும் உங்கள் அம்மாவைப் போன்றவர்களைத் தெரியும். கோவிலில் பூசைக் கருத்து எழுதும் கொப்பி ஒன்று இருக்கும். நான் இருந்த பங்கொன்றில் அதன் இடப்பக்கம் நன்றிக்கும் வேண்டுதலுக்கும், வலப்பக்கம் இறந்தவர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய் மாதம் தவறாமல் வருவார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்துவிட்டு, இடப்பக்கத்தில் விரலை ஊன்றிக்கொள்வார். நான் எழுதி முடிக்கும்வரை விரலை எடுக்க மாட்டார். எழுதியதைத் தாமே எழுத்துக்கூட்டி வாசித்து, மகனின் பெயருக்கு முன்னால் 'ஆன்மா' என்ற சொல் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் படியிறங்குவார்.

அந்தத் தாயை வலப்பக்கத்துக்கு மாற்றச் சொல்லிச் சிலர் எனக்கு அறிவுரை சொன்னதுண்டு. நான் அதைச் செய்யவில்லை. இடப்பக்கத்தில் எழுதியதால் கடவுள் ஆளை மாற்றிப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அவருடைய மகன் உயிரோடிருந்தால் அந்தப் பூசை அவனைக் காக்கட்டும், இறந்திருந்தால் அவனை இளைப்பாற்றட்டும். எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை யாரும் அந்தத் தாயின் தலையில் சுமத்தக் கூடாது. உங்கள் அம்மாவும் அந்தச் சுமையைத்தான் மறுத்தார். தாலியோடு போனார் என்றால், தான் யாருடைய மனைவி என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

திருச்சபைக்கு இது வெளியார் துயரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் காணாமற்போனவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டமாக இருந்த காலத்தில், அமெரிக்காவிலிருந்து இளவயதில் வந்து கிழக்கிலேயே வாழ்நாளைக் கழித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் ஓர் இளைஞர் இருந்தார். மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று. இருவரும் போய்ச் சேரவில்லை. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் என்று இன்றும் அவரைப் பற்றிப் பேசுவோர் உண்டு, ஆனால் போய் மெழுகுதிரி ஏற்ற அவருக்கு ஒரு கல்லறை இல்லை. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண், 2009 மே மாதத்தில் போரின் கடைசி நாளில் வட்டுவாகலில் மக்களோடு வெளியே வந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் என்று வடக்கிலும் பெயர்கள் உண்டு. 1711இல் கண்டியில் இறந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார்கூட எந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்று இன்று யாராலும் உறுதியாகக் காட்ட முடியாது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலுக்கே வந்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். நாட்டின் முதல் புனிதருக்கே கல்லறை தெரியாத திருச்சபை இது. உடலைக் காட்டு, பிறகு செபிக்கிறோம் என்று அது எவரிடமும் கேட்க முடியாது.

அரசாங்கக் காகிதம் வேறு விடயம். வளவு உறுதியை மாற்ற அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாமா என்று தம்பி யோசிக்கிறார் என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி, இறந்துவிட்டார் என்று எழுதாமல், ஆள் காணப்படாதிருக்கிறார் என்று பதிவுசெய்யும் ஒரு சான்றிதழைப் பெற வழியிருக்கிறது. சொத்து அலுவல்களுக்கு அது எந்தளவு உதவும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அம்மா கையெழுத்துப் போட மறுத்த காகிதத்தில் அவர் இறந்து மூன்று மாதம் ஆவதற்குள் நீங்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. திருச்சபையைப் பொறுத்தவரை, ஒருவர் இறந்துவிட்டாரா என்பதை ஆயர் ஆராய்ந்து அறிவிக்க வேண்டிய கட்டம் ஒன்றுதான்: காணாமற்போனவரின் கணவனோ மனைவியோ மறுமணம் செய்ய விரும்பும்போது. அதற்கு 1707ஆம் எண் இருக்கிறது. செபத்துக்கு அப்படி எந்த விசாரணையும் கிடையாது.

இனி மாமியின் ஆட்சேபணைக்கு வருகிறேன்.

இறந்தவர்களுக்காக நாம் ஏன் வேண்டுகிறோம் என்று யாராவது கேட்டால் எடுத்துக்காட்டுவது மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். போரில் விழுந்த தன் வீரர்களுக்காகத் தளபதி யூதா மக்கபே படையினரிடம் ஆளுக்கு ஆள் பணம் சேர்த்து, இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார் என்று அதில் வாசிக்கிறோம். பிரசங்கங்களில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று மாமியை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வீரர்களை அடக்கம் செய்யப் போனபோது ஒவ்வொருவருடைய உடுப்புக்குள்ளும் யாம்னியாவின் சிலைகளுக்குரிய தாயத்துகள் இருந்தன. யூதச் சட்டம் தடுத்த பொருள். தடுத்ததைக் கட்டியிருந்தவர்களுக்காகத்தான் அந்தக் காணிக்கை போனது! உங்கள் அப்பாவை நான் அவர்களோடு சேர்க்கவில்லை. தன் தாய்தகப்பன் கற்றுக்கொடுத்த சமயத்தில் நேர்மையாக நின்ற மனிதர் அவர். ஆனால் 'சுத்தமானவர்களுக்கு மட்டுமே நம் செபம்' என்று நினைக்கும் மாமிக்கு வேதாகமத்திலேயே பதில் இருக்கிறது.

ஞாயிறுப் பூசையில் நாங்கள் வாசிக்கும் நற்கருணை மன்றாட்டுகளில் நான்காவது, கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களை நினைத்த கையோடு, எவருடைய விசுவாசத்தைக் கடவுள் ஒருவரே அறிந்திருக்கிறாரோ அந்த இறந்தோர் எல்லாரையும் நினைக்கிறது. நாங்கள் அதைப் பலிபீடத்தில் நின்று உரக்கத்தான் சொல்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் 16ஆம் பத்தியும், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின் வழி நடப்பவர்கள் மீட்படைய முடியும் என்று சொல்கிறது. உங்கள் அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிப் பாலையூற்று லூர்து மாதாவிடம் கொண்டுபோய் விட்டு, நவநாள் முடியும்வரை வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே வரச் சொன்னால், 'என்னுடைய ஆள் மலையில் இருக்கிறார்' என்று கோணேசர் மலைப் பக்கம் கையைக் காட்டிச் சிரிப்பாராம். மனைவி தன் மாதாவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாரம் தவறாமல் மிதித்தவர் அவர். அவருடைய பெயரைப் பலிபீடத்தில் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

கல்லறை விடயத்தில் தம்பியின் பக்கம் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பெயர் பொறிப்பது அடக்கச் சடங்கு இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரை கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்வது பற்றிய விதிகள் உடல் இருக்கும்போது எழும் விடயம். இது ஒரு மனைவியின் கல்லில் கணவனின் பெயர், அவ்வளவுதான். சேமக்காலை பங்கின் பொறுப்பில் இருப்பதால் பங்குத்தந்தையின் சம்மதம் வேண்டும். அவர் தயங்கினால் ஆயர் இல்லத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

திருத்தம் இதுதான். நம் ஆட்கள் கல்லில் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதி போடுவது வழக்கம். அப்பாவின் பெயருக்குக் கீழே தோற்றத்தை மட்டும் போடுங்கள். 1990இல் அவர் வீட்டைவிட்டுப் போன நாளை மறைவு என்று பொறிக்க வேண்டாம். சில குடும்பங்கள் திவசத்துக்கு ஒரு நாள் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கல்லில் வெட்டியது நிலைத்துவிடும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல நாளைய பிள்ளைகள் வாசிக்க வேண்டாம். சைவர்களுக்கும் இதில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. இறந்த திதி தெரியாதவர்களை மாளய அமாவாசையில் நினைப்பார்கள். தகப்பனை இழந்தவர்கள் எல்லாரும் ஆடி அமாவாசை விரதம் பிடித்துத் தீர்த்தமாடுவார்கள். திதி தெரியவில்லை என்பதற்காக யாரும் நினைவிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்று அவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

இன்னொரு தாயையும் இங்கே சொல்ல வேண்டும். புனித மோனிக்கா. அவருடைய கணவர் பத்ரீசியுஸ் நெடுங்காலம் கிறிஸ்தவர் ஆகாமல் இருந்து, வாழ்வின் முடிவில்தான் திருமுழுக்குப் பெற்றார். கணவனுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று மோனிக்காவுக்கு ஆசை, இடமும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். ஆனால் 387இல், ஊருக்குத் திரும்பும் வழியில், ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவில் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்நிய மண்ணில் சாக வேண்டாமே என்று ஒரு மகன் கலங்கியபோது, இந்த உடலை எங்கேயாவது போடுங்கள், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். மற்ற மகன் அகுஸ்தினார் அதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. கணவனோடு ஒரே மண்ணில் கிடக்க முடியாமற்போன மனைவிகளுக்கு மோனிக்கா பழைய துணை.

எங்கள் ஊரின் விசித்திரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்தவர், அடக்கம் செய்யப்பட்டது திருகோணமலையில். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் புல் வெட்டி, பெயர் துலக்கி, வரிசை பிசகாமல் இருக்கின்றன. எங்கோ பிறந்த பிள்ளைகளின் பெயர்களை இந்த ஊர் இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறது. இங்கே பிறந்தவரின் பெயருக்கு ஒரு கல்லில் அரைச் சாண் இடம் கேட்பதற்கு நீங்கள் கூச வேண்டியதில்லை.

கன்னியா.

இந்தப் பகுதியை எழுதும்போது மாமிமார் சிலர் என்மீது கோபிப்பார்கள் என்று தெரியும். சித்தப்பா தன் அண்ணனுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யப் போகிறார். வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழும் இராவணன் தன் தாயின் கடைசிக் கிரியைக்காக உண்டாக்கியவை என்று நம் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தாய்க்கு நீர் வார்க்கத் தோன்றிய இடம் என்று நம்பித்தான் சைவக் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே அந்தியேட்டி செய்கின்றன. நீங்கள் மகள், போகாமல் இருந்தால் அதைப் பக்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பாராமுகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போங்கள். சித்தப்பாவின் குடும்பத்தோடு நில்லுங்கள். சமையலுக்குக் கைகொடுங்கள், வந்தவர்களைக் கவனியுங்கள், ஐயர் மந்திரம் சொல்லும்போது மரியாதையாக எழுந்து நின்று உங்கள் மனதில் உங்கள் செபத்தைச் சொல்லுங்கள். கிரியையை நடத்துபவராக, அந்தச் சடங்கின் விசுவாசியாக நீங்கள் உட்கார வேண்டியதில்லை, அது சித்தப்பாவுக்கும் அவருடைய சமயத்துக்கும் உரியது. பிண்டம் வைக்கச் சொன்னால், 'நீங்கள் வையுங்கள் சித்தப்பா, நான் பக்கத்தில் நிற்கிறேன்' என்று சொன்னால் அவர் விளங்கிக்கொள்வார். அண்ணியைச் சைக்கிளில் கோவிலுக்கு ஏற்றிப்போன அண்ணனின் தம்பி அவர்.

இந்த விடயத்தில் திருச்சபை எப்போதும் இப்படிப் பேசவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704இல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பிள்ளையார் உருவமுள்ள தாலி, நெற்றிச் சாம்பல், சடங்குக் குளியல் என்று ஒரு நீண்ட பட்டியலைத் தடைசெய்தார். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்தத் தடையை உறுதிப்படுத்தினார். அங்கே வேலைசெய்ய வரும் மறைபரப்பாளர்கள் அதைக் காப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது, 1940இல்தான் அந்தச் சத்தியம் எடுக்கப்பட்டது. மாமியின் பயம் அவர் தானாக உண்டாக்கியதில்லை, இருநூறு ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டது. அதனால் அவரோடு வாதாட வேண்டாம். கன்னியாவுக்கு அவரையும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள், வந்தால் வரட்டும்.

அம்மாவின் 31ஆம் நாள் நினைவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கத்தோலிக்கருக்கு 31 எங்கிருந்து வந்தது, அது சைவ வழக்கமா என்று. அந்த எண்ணிக்கை அயல்வீட்டுச் சைவர்கள் 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டியிலிருந்து நமக்கு வந்திருக்கலாம். ஆனால் பழைய இலத்தீன் பூசைப் புத்தகத்திலேயே அடக்கத்தின் மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாள்களுக்கென்று தனிப் பூசைகள் இருந்தன. மறைத்து வைத்த மூன்று பொற்காசோடு இறந்த ஒரு துறவிக்காக முப்பது நாள் தொடர்ந்து பூசை வைக்கச் சொன்ன திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் கதையும் அதே கணக்குத்தான். இரண்டு சமயத்தவருக்கும் ஒரு மாதம் என்பது துக்கத்தின் முதல் படி. அதற்காக யாரும் சங்கடப்பட வேண்டாம்.

நான் சங்கடப்படுவது வேறொன்றுக்கு. 31ஆம் நாளுக்கு வழுவழுத்தாளில் நிறப்படங்களோடு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகம். இறந்தவர் வாழ்நாளில் ஒரு வார்த்தையும் பேசாத அரசியல்வாதியின் அனுதாபச் செய்தி முதல் பக்கத்தில் இருக்கும். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் படித்த பட்டங்களோடு வரும். இறந்தவர் என்ன சாப்பிட விரும்பினார், எதற்குக் கோபிப்பார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்று ஒரு வரியும் இருக்காது. மண்டபச் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டு, பூசைக்குக் காணிக்கை எவ்வளவு என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பூசை விலைக்கு இல்லை, மகள். வியாபாரத்தின் சாயல்கூடப் படக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. காசில்லாதவர் கேட்டாலும் ஒப்புக்கொடுக்கும்படி அது குருக்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது. நீங்கள் கல்வெட்டு அச்சடிப்பதானால் அப்பாவையும் அம்மாவையும் ஒரே புத்தகத்தில் போடுங்கள், சைக்கிளைப் பற்றி எழுதுங்கள், பட்டங்களை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விதான் எனக்கு மிகவும் கனமாகப் பட்டது. அம்மப்பா எங்கே? 'கடவுளிடம் போய்விட்டார்' என்று சொல்லிவிடலாம்தான். அம்மா சொல்லாத ஒன்றை நீங்கள் சொல்வதாகிவிடும், பிள்ளைகளும் ஒருநாள் அதைக் கண்டுபிடிப்பார்கள். 'எங்களுக்குத் தெரியாது, தேடினோம், அம்மம்மா கடைசிவரை தேடினார்' என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் தெரியாத விடயங்கள் உண்டு என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட எளிதாகத் தாங்கிக்கொள்கிறார்கள். அதோடு விட்டுவிடாமல் ஆள் யார் என்பதையும் சொல்லுங்கள். காணாமற்போன பலருடைய வீடுகளில் நான் பார்க்கும் துயரம் இது: போன நாள் மட்டுமே கதையாக மிஞ்சியிருக்கும். எந்தச் சட்டை, எத்தனை மணி, எந்தச் சந்தி, கடைசியாகப் பார்த்தது யார். முறைப்பாட்டுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அந்த ஒரு நாள் முழு வாழ்க்கையையும் மூடிவிட்டது. உங்கள் அப்பா அதற்கு முந்திய ஆண்டுகள் முழுவதும் வாழ்ந்தவர். துறைமுகத்தில் என்ன வேலை செய்தார், மீன் வாங்கினால் எந்த மீன், உங்களை எங்கே நீந்தப் பழக்கினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போன நாளின் கதை, அவர்கள் வளர வளர, கேட்கக் கேட்க, பொய் கலக்காமல் வரட்டும்.

இரவில் செபமாலை சொல்லும் வழக்கம் இருந்தால், முடிவில் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களைச் சொல்லும் இடத்தில் அவருடைய பெயரையும் சேருங்கள். எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பெயர்ப் பட்டியலைச் சொல்லும்போதுதான் எங்களுக்குத் தூக்கம் வரும், ஆனாலும் பார்த்தேயிராத பூட்டன் பூட்டியின் பெயர்கள் இன்றும் வரிசையாக நாவில் வருகின்றன. அந்த வரிசையில் சைவப் பெயர்களும் இருந்தன. யாரும் விளக்கம் கேட்டதில்லை.

2004ஆம் ஆண்டு திருக்குடும்பத் திருநாள் ஞாயிறு டிசம்பர் 26 அன்று வந்தது. அன்று காலை கடல் ஏறியது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உடல் கிடைக்காத வீடுகள், கிடைத்தும் பெயர் தெரியாமல் அவசரமாகப் புதைத்த குழிகள் என்று எங்கள் கரை முழுவதும் உங்கள் கேள்வி பரவிக் கிடக்கிறது. நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் நாளன்று மாலை சேமக்காலைக்கு வந்து பாருங்கள். வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிடும் காலம். வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் மெழுகுதிரியை வைத்து, அடியில் மணலை அணைத்து ஏற்றியிருப்பார்கள். கல்லறை இல்லாதவர்களுக்காக வருபவர்கள் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். குரு தீர்த்தம் தெளித்துக்கொண்டு போகும்போது பெயரைச் சொல்லச் சொல்வார். அங்கே நின்று அப்பாவின் பெயரைச் சொல்ல யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு கல் வைத்துவிட்டால் அம்மாவின் தலைமாட்டிலேயே சொல்லலாம்.

செய்ய வேண்டியவற்றில் சில நடைமுறைக் காரியங்கள். பூசைக் கருத்தை 'அப்பாவுக்காக' என்று பெயரோடு மட்டும் கொடுங்கள். ஆன்ம இளைப்பாற்றி என்று எழுத வேண்டாம், வாசிப்பவரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழக்கத்தில் வாய் தவறிச் சேர்த்துவிடுவார்கள். அம்மாவின் பெயருக்கு அது இருக்கட்டும். கல் வெட்டுபவரிடம் முற்பணம் கொடுப்பதற்கு முன்னால் பங்குத்தந்தையிடம் வாசகத்தை எழுத்தில் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். வெட்டியபின் சர்ச்சை வந்தால் மாற்றுவது கடினம். சித்தப்பா பார்த்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால், கன்னியாவுக்குப் போகும் முன்னால் காலை முதற்பூசையைப் பார்த்துவிட்டுப் போங்கள், அவரைக் காக்க வைக்காதீர்கள்.